விருது யாருக்கு? துடைப்பம் யாருக்கு?

(பள்ளிப்பட்டு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இக்கூட்டத்தில் பேச வேண்டியது ஊர்ச் சுத்தத்தைப் பற்றியும், அதற்காகச் சர்க்கார் கொடுக்கும் விருதுகளைப் பற்றியும் என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். நாம் காலேஜில் படித்தவரல்ல. இவ்விஷயத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம், ஊர் ஊராய்ச் சுற்றிக் கண்ணால் கண்டதும், பத்திரிகையிலும் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்து கொண்டதுமேயாகும். ஆதலால் நாம் சொல்லுவதில் உங்கள் அனுபவத்திற்கு ஒத்து வருவதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள். மற்றதை இந்த மைதானத்திலேயே உதறிவிட்டுப் போங்கள்.

நாம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் இவ்வூர் வாலிபர் சிலர் நம்மைச் சூழ்ந்து கொண்டார்கள். "ஐயா, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கி வருகிறோம், மரக் கன்றுகளும் வைத்திருக்கிறோம். சுற்றுச்சூழல் வேலை செய்கிறவர்களுக்கு ஜில்லாவில் விருது கொடுக்கிறார்களாம். நாங்கள் மனுப் போடலாமா? அப்படிப் போடுவது சுயமரியாதைக்கு அடுக்குமா?" என்று கேட்டார்கள். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் பெரிய சங்கதி இருக்கிறது. வேலை செய்கிறவன் யார், பேர் வாங்குகிறவன் யார் என்கின்ற சங்கதி அது. அந்த வாலிபர்களுக்குப் பதில் சொல்லுவதே இன்றைய நமது பேச்சாகும்.

முதலில் விருது என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழ்நாடு சர்க்கார் 2021ஆம் வருஷத்தில் பசுமை முதன்மையாளர் விருது என்பதாக ஒன்றை ஏற்படுத்திற்று. வருஷத்திற்கு 100 பேருக்கும் ஸ்தாபனங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய் என்பது ஏற்பாடு. கலெக்டரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி ஜில்லா தோறும் ஆட்களைப் பொறுக்குகிறது. குப்பையைப் பிரித்து ஒழுங்கு செய்தல், ஏரி குளங்களைக் காப்பாற்றுதல், பிளாஸ்டிக்கைக் குறைத்தல், ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுதல் ஆகிய காரியங்கள் கணக்கில் எடுத்துக் கொள்ளப்படுகின்றன. இதற்கு முன்னமேயே, ஒரு தடவை உபயோகித்து எறிந்துவிடும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களை 2019 ஜனவரி 1ந் தேதி முதல் இந்நாட்டில் தடுத்தார்கள். 2021 டிசம்பர் 23ந் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' என்கின்ற பிரசாரம் தொடங்கப்பட்டது. பிளாஸ்டிக்கை ஒழித்துக் காட்டும் பள்ளிக்கூடம், கல்லூரி, வியாபார ஸ்தலம் இவைகளுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என்று மஞ்சப்பை விருதும் ஏற்பட்டது.

இவைகளைக் குற்றஞ்சொல்ல நாம் இங்கு வரவில்லை. தேருக்கும் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் கொட்டிக் கொடுத்துப் பழகிய தேசத்தில், துணிப்பை தூக்குகிறவனுக்கும் குப்பை பொறுக்குகிறவனுக்கும் காசு கொடுக்க ஒரு சர்க்கார் முன்வருமானால் அது சந்தோஷப்பட வேண்டிய காரியமேயாகும். ஆனால் எந்த நல்ல காரியத்தையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கும் சாமர்த்தியம் நம் ஜனங்களுக்கு உண்டு. அதற்குக் காரணம், விருது என்பதை நாம் வேலையின் அடையாளமாகப் பார்க்காமல், கோயில் பிரசாதம் போலப் பார்ப்பதுதான். கையில் விழுந்தால் போதும், கண்ணில் ஒற்றிக் கொள்ளலாம், அதற்கப்புறம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் கொடுத்தார்கள். ஊரான் மண் சுமந்து ஏரிக்கரை போட்டிருப்பான். கூலிக்காரி தலையில் கூடை வைத்துக் கால் தேய்ந்திருப்பாள். பட்டம் என்னவோ பண்ணையாருக்குத்தான் வரும். ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்தும் இந்த வழக்கம் வேண்டாம் என்றுதான், 1950 ஜனவரி 26 முதல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் தனது 18ஆவது பிரிவில் இப்படிப்பட்ட பட்டங்களை ஒழித்தது. பிறகு பத்ம விருதுகளைப் பற்றி வழக்கு வந்த பொழுது, விருது கொடுப்பதில் தோஷமில்லை, ஆனால் அதைப் பேருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக் கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சட்டம் ஒழித்ததை நம்மவர்கள் ஒழிக்கவில்லை. விருது வாங்கின மறுநாளே சுவரெல்லாம் போஸ்டர், வாசலெல்லாம் பிளாஸ்டிக் பேனர்! பிளாஸ்டிக்கை ஒழித்ததற்காக விருது வாங்கியவருக்குப் பிளாஸ்டிக் பேனரிலேயே வாழ்த்துச் சொல்லுகிற புத்திசாலித்தனம் நம் நாட்டுக்கே உரியதாகும்.

தோழர்களே! சில வருஷங்களுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு விழாவுக்கு நாம் போயிருந்தோம். ஊர்ப் பேரும் ஆபீசின் பேரும் இங்கு வேண்டியதில்லை. ஊரைச் சுத்தமாக வைத்திருந்ததற்காகப் பாராட்டு. மேடையில் பத்து நாற்காலி. பத்துப் பேருக்கும் பொன்னாடை. பேச்சு மூன்று மணி நேரம். அந்த ஊரைப் பெருக்கின பெண்கள் எங்கே என்று பார்த்தோம். பின்னால் மதில் ஓரத்தில் வெயிலில் நின்று கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தடவை அவர்களைக் கூப்பிட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்து நிறுத்தி, போட்டோ எடுத்துக் கொண்டு மறுபடியும் மதிலோரத்திற்கே அனுப்பினார்கள். மேடைக்குக் காப்பி டம்ளரில் வந்தது. அவர்களுக்கு வாளியில் வந்து, கொண்டு வந்தவன் தூக்கி ஊற்றினான். கை படாமல் ஊற்றினான் என்பதைக் கவனித்தோம்.

கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒரு அம்மாளிடம் போய், "என்னம்மா, உங்கள் ஊருக்கு விருது வந்திருக்கிறதே, சந்தோஷந்தானே?" என்று கேட்டோம். "விருது யாருக்கு வந்துச்சுன்னு தெரியாதுங்க ஐயா. விடியக்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னாங்க. இப்போ இந்தப் பூவும் காகிதமும் நாங்கதான் அள்ளணும். கைக்கு உறை கேட்டு ஆறு மாசம் ஆச்சு, அதைக் கொஞ்சம் சொல்லி வையுங்க ஐயா" என்றாள். அந்த அம்மாள் கையைக் காட்டினாள். கண்ணாடித் துண்டு கிழித்த தழும்பு மூன்று இருந்தது. நாம் விருதுகளை நிறுத்துப் பார்க்கும் தராசு அந்தக் கைதான்.

இது ஒரு ஊர்ச் சங்கதி மாத்திரமல்ல. ஊர்ச் சுத்தம் என்பது இந்நாட்டில் சுகாதார விஷயமாக இருப்பதற்கு முன்னால் ஜாதி விஷயமாக இருக்கிறது. குப்பை போடுவதற்கு ஜாதியில்லை. எல்லா ஜாதியானும் போடுகிறான். குப்பை அள்ளுவதற்கு மாத்திரம் ஜாதி உண்டு. தோட்டி என்றார்கள், பிறகு துப்புரவுப் பணியாளர் என்றார்கள், 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். கௌரவமான பேர் வைத்தது நல்லதே. ஆனால் பேர் மாறினதே தவிர, அந்த வேலைக்கு வருகிற தெரு மாறவில்லை. மலத்தை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2014இலும், முப்பது லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2023இலும் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய அவசியம் என்ன வந்தது? ஆகவே ஒரு ஊர் சுத்தமாயிருக்கிறது என்று சொல்லுவதற்கு முன், அது யாருடைய உடம்பைக் கொண்டு சுத்தமாயிற்று என்று கேட்க வேண்டும்.

இனி, விருதினால் ஊர் திருந்துகிறதா என்பதைப் பார்ப்போம். இதற்கு நம் கண் முன்னால் பெரிய ருசு ஒன்று இருக்கிறது. இந்திய சர்க்கார் 2003இல் நிர்மல் கிராம புரஸ்காரம் என்று ஒரு விருதை அறிவித்தது. எல்லா வீட்டிலும் கக்கூஸ் இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்திலும் குழந்தைகள் மையத்திலும் இருக்க வேண்டும், ஒருவரும் வெளிக்குத் திறந்த வெளியில் போகக்கூடாது, இப்படி ஆன பஞ்சாயத்துக்கு விருதும் பணமும் கொடுப்பது என்று ஏற்பாடு. 2005இல் முதல் தடவை 40 பஞ்சாயத்துகள் வாங்கின. ஜனாதிபதியே கொடுத்தார். அடுத்த வருஷம் 769. அதற்கடுத்த வருஷம் 4,945. 2008இல் 12,000க்கு மேல் போயிற்று. இந்த வேகத்தைப் பார்த்தால் பத்தே வருஷத்தில் இந்தியா பூராவும் பளிங்கு போல் ஆகியிருக்க வேண்டுமல்லவா?

என்ன ஆயிற்று? 2008இல் யூனிசெப் ஸ்தாபனத்திற்காக ஒரு பரிசோதனை செய்தார்கள். தமிழ்நாடு உள்பட 6 ராஜ்யங்களில், விருது வாங்கின 162 பஞ்சாயத்துகளுக்கு ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். வெளியில் போகும் வழக்கம் முழுதும் ஒழிந்த பஞ்சாயத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று இருந்தது. கக்கூஸ் கட்டியிருந்தார்கள், அதில் விறகும் மூட்டையும் அடுக்கியிருந்த வீடுகளும் உண்டு. 2011 ஜனத்தொகைக் கணக்கு வந்தது. இந்தியக் கிராமங்களில் 100க்குச் சுமார் 31 வீடுகளில்தான் கக்கூஸ் இருந்தது. சுவரில் விருதுப் பலகை இருந்தது. சுவருக்குப் பின்னால் பழைய வழக்கம் அப்படியே இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? ஜனங்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது சோம்பேறிப் பேச்சு. பரிசோதனை ஒரே ஒரு தடவை. வருகிற தேதி முன்னமே தெரியும். தேதிக்குள் வெள்ளையடித்துக் காட்டினால் போதும். விருது வந்த பின்னால் கேட்பாரில்லை. திருத்தணிக்குப் போய் மொட்டை அடித்துக் கொண்டு, படியேறி இறங்கினால் போன வருஷத்துப் பாவம் தொலைந்தது என்று நினைக்கிறவனுக்கும், விருது வாங்கினால் ஊர்க்குப்பை தொலைந்தது என்று நினைக்கிற பஞ்சாயத்துக்கும் என்ன வித்தியாசம்? மயிர் மறுபடியும் முளைக்கிறது. குப்பையும் மறுபடியும் சேருகிறது. நாள் தவறாமல் செய்ய வேண்டிய வேலையை நேர்த்திக் கடன் போல ஒரு நாளில் தீர்க்க முடியாது.

அப்படியானால் விருதே வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். நன்றாக நடந்ததையும் சொல்லுகிறோம். மராட்டிய தேசத்தில் காட்கே பாபா என்று ஒருவர் இருந்தார். 1876இல் பிறந்து 1956இல் இறந்தவர், வண்ணார் ஜாதி, எழுதப் படிக்கத் தெரியாதவர். கந்தைத் துணி, ஒரு மண் சட்டி, ஒரு துடைப்பம் இவ்வளவுதான் அவர் சொத்து. ஒரு ஊருக்குள் நுழைந்தால் யாரையும் விசாரிக்க மாட்டார். தெருவைப் பெருக்க ஆரம்பித்துவிடுவார். ஊரார் வெட்கப்பட்டுத் தாங்களும் துடைப்பம் எடுப்பார்கள். ராத்திரியில் கூட்டம் போட்டு, ஜாதி வித்தியாசம் வேண்டாம், ஆடு கோழி பலி வேண்டாம், கடன் வாங்கிக் கலியாணம் செய்ய வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லுவார். அவர் பஜனை பாடினவர். அதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் துடைப்பத்தில் நமக்குப் பூரண சம்மதமுண்டு. 2000ஆம் வருஷத்தில் மராட்டிய சர்க்கார் அவர் பேரால் கிராமங்களுக்குச் சுத்தப் போட்டி ஏற்படுத்திற்று. பணம் முன்னால் கொடுக்கவில்லை. ஊரார் தாங்களே உழைத்து, தாங்களே செலவு செய்து சுத்தமாக்க வேண்டும், பரிசு பின்னால். ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கொண்டு சாக்கடை வெட்டினார்கள். தன்னுழைப்பு முன்னும் பரிசு பின்னும் வந்தால் பரிசுக்கு ஒரு அர்த்தம் உண்டு என்பதற்கு இது ஒரு உதாரணம்.

வெளிதேசத்தையும் கொஞ்சம் பாருங்கள். அயர்லாந்து தேசத்தில் 1958 முதல் சுத்தமான ஊர்ப் போட்டி ஒன்று வருஷா வருஷம் நடந்து வருகிறது. கிளென்டீஸ் என்கின்ற ஒரு சின்ன ஊர் முதல் வருஷம் ஜெயித்தது. அங்கே பரீட்சகர் வருவது ஊராருக்கு முன்கூட்டித் தெரியாது. வந்து பார்த்துவிட்டுப் போய், இன்ன தெருவில் இன்ன குறை, இன்ன காரியத்திற்கு இத்தனை மார்க்கு என்று எழுதியனுப்புகிறார். ஜெயித்த ஊருக்கு மாத்திரமல்ல, தோற்ற ஊருக்கும் அந்த அறிக்கை வருகிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். அடுத்த வருஷம் அதே அறிக்கையை வைத்துக் கொண்டு, சொன்ன குறை தீர்ந்ததா என்று பார்க்கிறார்கள். அவ்வூரார் மேடலைவிட அந்தக் காகிதத்தை உபயோகமுள்ளதாகக் கருதுகிறார்கள். நமக்கு மேடல் வருகிறது. மார்க்குக் காகிதம் வருகிறதில்லை. தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்று தெரியாது; ஜெயித்தவனுக்கு எதற்காக ஜெயித்தோம் என்றும் தெரியாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துச் சங்கதி, நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே உத்தரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது, ஏரி வாரியம் இருக்கிறது, குடவோலை இருக்கிறது" என்று பழம் பெருமை பேசுகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டின கல்வெட்டுகள் அவை. ஏரியைக் கவனிக்க வாரியம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த வாரியத்தில் யார் உட்காரலாம்? சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஏரி வெட்டினவனுக்கும் மண் சுமந்தவளுக்கும் அங்கே இடமில்லை. மதிலோரத்தில் நிறுத்தும் வழக்கம் ஆயிரம் வருஷத்து வழக்கம் என்பதுதான் அந்தக் கல் சொல்லுகிற சேதி. இருந்தாலும் அதில் ஒரு நல்ல விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வர முடியாது. அவன் நெருங்கிய உறவினனும் வர முடியாது. வேதத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்கை மாத்திரம் எடுத்துக் கொள்ளுவோமானால் நாம் உருப்படுவோம்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். திருத்தணித் தாலூகாவும் பள்ளிப்பட்டும் சித்தூர் ஜில்லாவிலிருந்து 1960 ஏப்ரல் 1ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. எல்லைக்காக எவ்வளவோ கிளர்ச்சி நடந்தது, ஜெயிலுக்குப் போனார்கள். இன்று தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறீர்கள். ஆனால் எல்லைக்கல் ஆற்றுக்குத் தெரியாது. ஆந்திரப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் உங்கள் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருகிறது. 2021 நவம்பரில் தரைப்பாலங்கள் முழுகி, அக்கரை இக்கரை என்று ஜனங்கள் தவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீர் இங்கிருந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944இல் கட்டின ஏரி அது. அங்கிருந்து சென்னைக்குக் குடிதண்ணீராகப் போகிறது. மிச்சம் எண்ணூரில் கடலில் விழுகிறது. நீங்கள் இங்கே போடுகிற ஒரு பிளாஸ்டிக் பை வெள்ளத்தில் போய்ப் பாலத்தின் கண்ணை அடைத்து உங்கள் தெருவுக்கே தண்ணீரைத் திருப்பலாம். அல்லது சென்னையில் ஒருவன் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரலாம்.

இங்கே ஆறுகளுக்கு லவா, குசா என்று ராமன் பிள்ளைகளின் பேரை வைத்திருக்கிறார்கள். பேர் வைத்தவர்கள் ஆற்றைத் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். கும்பிட்ட கையாலேயே சூடத்தோடு சேர்த்து அந்தப் பிளாஸ்டிக் உறையையும் ஆற்றில் போடுகிறார்கள். கேட்டால், "ஆற்றுக்குத் தோஷமில்லை, எல்லாவற்றையும் அது சுத்தம் பண்ணிவிடும்" என்கிறார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் பராமரிக்க வேண்டிய பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடுகிறது பாருங்கள்! ஆறு தெய்வமல்ல, தண்ணீர். போட்டது போட்டபடி அதிலே கிடக்கும். பிளாஸ்டிக் மக்காது. கொளுத்தினாலோ விஷப் புகை வரும். அதை முதலில் குடிப்பது கொளுத்தினவன் வீட்டுக் குழந்தை. தெருவில் எறிந்த டீக் கப்பிலும், தேங்காய் ஓட்டிலும், பழைய டயரிலும் மழைத் தண்ணீர் நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கத் தயாராகிவிடும். ஜுரம் வந்ததும் அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றுகிறோம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் டயரில் நிற்கும் தண்ணீரைக் கீழே ஊற்றினால் ஜுரமே வராதே, தோழர்களே!

மற்றவர்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போனால் நாமும் மேடைக்காரர் கூட்டத்தில் ஒருவராகிவிடுவோம். நமது யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். இன்று இங்கே நமக்கு ஒரு மாலை போட்டீர்கள். பிளாஸ்டிக் நாரில் கட்டி, ஜிகினாத் தாள் சுற்றின மாலை. நாமும் வாங்கிக் கொண்டோம். இருபது வருஷமாக இப்படி எத்தனை மாலை வாங்கி எத்தனை பஸ் ஜன்னலில் விட்டெறிந்திருப்போம் என்று கணக்குப் பார்த்தால் வெட்கமாயிருக்கிறது. மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசிவிட்டு இறங்கின மேடையைச் சுற்றிக் கிடந்த காகிதத்தை ஒரு நாளாவது நாம் பொறுக்கினதுண்டா? இல்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறது என்கின்ற எண்ணம் நமக்குள்ளும் இருந்திருக்கிறது. அந்த எண்ணத்திற்குப் பேர்தான் ஜாதி. நாம் அதைப் புத்தகத்தில் தேடிக் கொண்டிருந்தோம். அது நம் காலடியில் கிடந்தது. இனிமேல் நமக்கு மாலை வேண்டாம். போட்டே தீருவோம் என்றால் ஒரு கதர்த் துண்டோ கைத்தறித் துண்டோ போடுங்கள். பக்கத்தில் பொதட்டூர்ப்பேட்டையில் நெசவாளிகள் இருக்கிறார்கள்; அவர்கள் பிழைப்பார்கள்.

ஆகவே விருது விஷயத்தில் நமது அபிப்பிராயம் நான்கு. முதலாவது, வேலை செய்தவர் பேர் முதலில் வர வேண்டும். ஊர் சுத்தத்திற்கு விருது வந்தால் அதை மேடையில் வாங்க வேண்டியது தெருவைப் பெருக்கின அம்மாள். தலைவர் கூட நிற்கட்டும். இரண்டாவது, விருதுப் பணத்தில் முதல் செலவு கையுறை, பூட்ஸ், குளிக்க ஒரு அறை, வைத்தியச் செலவு இவைகளாக இருக்க வேண்டும். விழாச் செலவாக இருக்கக் கூடாது. மூன்றாவது, சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். குறையும் மார்க்கும் எழுதின காகிதத்தை டீக்கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். கெட்டுப் போன ஊரிடமிருந்து விருதைத் திரும்ப வாங்க வேண்டும். நான்காவது, எந்த ஊரில் டம்ளர் இரண்டு, சுடுகாடு இரண்டு, குழாயடி இரண்டு என்று இருக்கிறதோ அந்த ஊருக்கு எவ்வளவு மரம் இருந்தாலும் சுத்தமான ஊர் என்று விருது கொடுக்கக் கூடாது.

நான்காவது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நமது திருவள்ளூர் ஜில்லாவிலேயே குத்தம்பாக்கத்தைப் போய்ப் பாருங்கள். 1996இல் அங்கே பஞ்சாயத்துத் தலைவராக வந்த இளங்கோ என்கின்ற தோழர் காலத்தில் சமத்துவபுரம் கட்டினார்கள். இரட்டை வீடுகள், ஒரு பாதியில் ஆதிதிராவிடர் குடும்பம், மறு பாதியில் வேறு ஜாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். ஒரே சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்கள் ஒருவர் வாசலில் மற்றவர் குப்பை கொட்ட யோசிப்பார்கள். விருதைவிட அந்தச் சுவர் பெரிய உபாத்தியாயர்.

இவைகளைக் கேட்பதற்கு நீங்கள் மந்திரி வீட்டு வாசலுக்குப் போக வேண்டியதில்லை. கிராமத்துக்காரர்களுக்குக் கிராமசபை இருக்கிறது. 2022 முதல் வருஷத்திற்கு ஆறு தடவையாக அதை உயர்த்தியிருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குத் தேதி தப்பாமல் காவடி எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த ஆறு தேதிகளில் ஒன்றுக்காவது போனீர்கள்? பெண்கள் எத்தனை பேர் போனீர்கள்? போய், குப்பைக்கு எவ்வளவு செலவு, கையுறை எத்தனை ஜோடி வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை; வாய் இருந்தால் போதும். அதோடு உங்கள் வீட்டில் இரண்டு கூடை வையுங்கள்; மக்குகிறது ஒன்றில், மக்காதது மற்றொன்றில். குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டுமென்று 2016ஆம் வருஷத்து விதிகளே சொல்லிவிட்டன. நீங்கள் பிரித்துக் கொடுத்தால் அந்த அம்மாள் கையில் நாலாவது தழும்பு விழாது.

கடைசியாக, கேள்வி கேட்ட வாலிபத் தோழர்களுக்குப் பதில். மனுப் போடுங்கள். செய்த வேலையைச் செய்தோம் என்று சொல்லுவதில் சுயமரியாதைக்குக் குறைவில்லை. செய்யாததைச் செய்தோம் என்பதிலும், பிறத்தியார் செய்ததை நம்முடையது என்பதிலுந்தான் குறைவு. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் பொறுக்குகிறீர்கள். மற்ற ஆறு நாளும் பொறுக்குகிறவர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். சம்மதம் கேட்டு அவர்கள் பேரை மனுவில் முதலில் எழுதுங்கள். உங்கள் பேரைக் கீழே எழுதுங்கள். விருது வந்தால் அவர்களோடு போய் வாங்குங்கள். வராமற் போனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போங்கள். வராத பொழுதும் போகிறவனே விருதுக்கு யோக்கியதையுள்ளவன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாம் இன்று ராத்திரி இங்கேதான் தங்குகிறோம். காலை ஆறு மணிக்கு ஒரு கோணிப் பையோடு ஆற்றங்கரைக்கு வருகிறோம். அதற்கு முன்னால், இந்த மைதானத்தில் இப்பொழுது கிடக்கும் காகிதத்தையும் கப்பையும் ஆளுக்கு நாலாக எடுத்துக் கொண்டு போகும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். நாலு மணிக்கு ஒரு அம்மாள் வந்து அள்ள வேண்டிய அவசியம் நாளைக்காவது இல்லாமலிருக்கட்டும்.